பேரனின் தடுப்பூசியும் மூன்று நஞ்சுகளும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சக்குப்பம் வீட்டில் மறுபடியும் தொட்டில் ஆடுகிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மகளின் உடம்பு தேறி வருகிறதா? பத்தியம் என்ற பெயரில் அவளைப் பட்டினி போடாதே. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகள் உயிர்வேதியியல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

ஆறாவது வார ஊசிக்குப் பின் பேரனுக்குக் காய்ச்சல் வந்ததால், "இந்தக் காலத்தில் யாருக்குத் தொண்டை அடைப்பான் வருகிறது? அடுத்த தவணை அவசியமா?" என்று மாப்பிள்ளை கேட்கிறார் என எழுதியிருந்தாய். அவசியம், மல்லிகா. ஏன் என்று அவருக்குப் புரியும்படி எழுதுகிறேன், படித்துக் காட்டு.

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, கிருமி பெரும்பாலும் தொண்டையை விட்டு நகர்வதில்லை. அது சுரக்கும் நஞ்சுதான் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. 1888-இல் பாரிசில் ரூ, யெர்சின் என்ற இரு ஆய்வாளர்கள் கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய திரவத்தை மட்டும் விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அவை அப்படியும் இறந்தன.

அந்த நஞ்சுக்கு இரண்டு பகுதிகள். ஒன்று செல்லின் மேல் பற்றிக்கொள்ளும். மற்றொன்று உள்ளே நுழையும். நுழைவது ஒரு நொதி, அதாவது தான் தீராமல் வேதிவினையை முடுக்கும் புரதம். நம் செல்களில் எப்போதும் இருக்கும் என்ஏடி மூலக்கூறை அது பிளந்து, ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டை எடுத்து, ஈஎஃப்-2 என்ற புரதத்தின் மேல் ஒட்டிவிடுகிறது. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் புரதம் கட்டும்போது ஒவ்வோர் அமினோ அமிலம் சேர்ந்ததும் அடுத்த படிக்கு நகர்த்துவது இந்த ஈஎஃப்-2. துண்டு ஒட்டியதும் நகர்வு நின்றுவிடும். புரதம் கட்ட முடியாமல் செல் சாகும். ஒட்டும் இடமும் சாதாரண இடமில்லை. செல் தானே திருத்தி அமைத்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அது. டிப்தமைடு என்று பெயர். உடலின் வேறு எந்தப் புரதத்திலும் அது கிடையாது. எத்தனையோ ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியும் எனக்கு வியப்பு தீரவில்லை. ஒட்டும் துண்டைக் கிருமி கொண்டு வருவதில்லை. நம்முடையதை எடுத்தே நம் புரதத்தை முடக்குகிறது.

நொதி என்பதால் அது வேலை செய்து தீர்ந்துபோவதும் இல்லை. ஒரே ஒரு நஞ்சு மூலக்கூறு உள்ளே புகுந்தாலும் செல்லைக் கொல்லப் போதும் என்று 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய் வந்தபின் கொடுக்கும் எதிர்நஞ்சு, வெளியே திரியும் நஞ்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் போய்விட்டதை அது தொட முடியாது. மாப்பிள்ளையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சு வருவதற்கு முன்பே இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் தடுப்பூசி.

அதே ஊசி தடுக்கும் இன்னும் இரண்டு நோய்களின் நஞ்சுகளையும் சொல்லிவிடுகிறேன். கக்குவான் இருமலின் நஞ்சும் ஏடிபி-ரைபோஸைத்தான் ஒட்டுகிறது, ஆனால் செல்லுக்குள் செய்தி கடத்தும் வேறொரு புரதத்தில். ரணஜன்னியின் (டெட்டனஸ்) நஞ்சு எதையும் ஒட்டுவதில்லை. தண்டுவடத்தில், தசைகளைத் தளர்த்தச் சொல்லும் நரம்புகளில், அந்தச் செய்தியை வெளிவிட உதவும் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. தசைகள் இறுகியவை இறுகியபடியே நின்றுவிடும். தடுப்பூசியில் தொண்டை அடைப்பான், ரணஜன்னி நஞ்சுகளை ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். 1920-களில் பிரெஞ்சு ஆய்வாளர் காஸ்தோன் ரமோன் வகுத்த வழி அது. கக்குவானுக்கு மட்டும் கொன்ற கிருமியையே முழுதாகச் சேர்க்கிறார்கள். காய்ச்சல் பெரும்பாலும் அதனால்தான். ஓரிரு நாளில் தணியும்.

2022 ஜூலையில் நம் காரைக்காலில் காலரா பரவியபோது நீ பதறிப்போய் எழுதியதும் நினைவுக்கு வருகிறது. காலரா நஞ்சும் ஏடிபி-ரைபோஸை ஒட்டும் குடும்பம்தான். கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் அந்த நஞ்சு இருப்பதை நிறுவினார். உயரிய பரிசு எதுவும் அவரைத் தேடி வராதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அது குடல் செல்லைக் கொல்வதில்லை. செய்தி கடத்தும் ஜி-எஸ் என்ற புரதத்தில், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் மேல் துண்டை ஒட்டி, திறந்த குழாயை மூட விடாமல் பிடித்துக்கொள்வதுபோல், குளோரைடும் நீரும் குடலுக்குள் ஓயாமல் கொட்டச் செய்கிறது. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் கூடப் போய்விடும். ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதத்தை அது தொடுவதில்லை. உப்பு–சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அந்த வழியாகத்தான். 1971-இல் மேற்கு வங்கத்தின் பனகாவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் அதைக் கொடுத்து, இறப்பை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார்.

பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் தவறாமல் கூட்டிப்போ. முதல் ஊசிக்குப் பின் காய்ச்சல் மட்டும்தானா, வலிப்பு ஏதாவது வந்ததா என்பதைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். காய்ச்சலுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். மாப்பிள்ளைக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் எனக்கு நேராகவே எழுதட்டும். எத்தனை பக்கமானாலும் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி