விழுந்து சிரிக்க வைத்தவருக்கும் சேம நிதி

ஆசிரியருக்கு,

முதிய நகைச்சுவைக் கலைஞர்களின் வருமானம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடிதடி நகைச்சுவைக்குப் பேர்போன அமெரிக்காவின் 'த்ரீ ஸ்டூஜஸ்' குழுவின் பழைய குறும்படங்கள் 1958 முதல் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டன. நடித்தவர்களுக்கு அதில் பங்குத்தொகை இல்லை. இங்கு சிங்கப்பூரிலும், மத்திய சேம நிதி எனும் கட்டாயச் சேமிப்புத் திட்டத்தில் சுயதொழில் செய்பவர் கட்டாயமாகக் கட்டுவது மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் மட்டுமே; ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பு கட்டாயமில்லை.

எங்கள் நாடகக் குழுவில் வழுக்கி விழுவதற்கென்றே ஓர் அண்ணன் இருந்தார். தீபாவளி நிகழ்ச்சி முடிந்ததும் கையில் ஓர் உறை, அப்புறம் முழங்காலுக்குத் தைலம், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியும் காவலாளி வேலைக்குப் போகிறார். செயலிவழி உணவு விநியோகிப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கு 2025 ஜனவரியில் மத்திய சேம நிதி ஏற்பாடு வந்துவிட்டது. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் ஒவ்வொரு மேடைச் சம்பளத்தோடும் ஒரு பங்கைக் கலைஞரின் கணக்கில் செலுத்தலாமே.

- ஒரு வாசகர், தோ பாயோ