காஸ் அடிப்பதற்கு முதல் ஒழுக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகன ஏ.சி. சூடாக ஊதுகிறது என்று யாழ்ப்பாணத்தில் எந்த கராஜுக்குப் போனாலும் அநேகமாக ஒரே மறுமொழிதான்: "காஸ் குறைஞ்சிட்டுது அண்ணை, அடிச்சு விடுறன்." கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். குளிரும் வரும். ஒன்றிரண்டு மாதம் போனதும் திரும்பவும் அதே கராஜ், அதே மறுமொழி, அதே பில். வாடகைக்கு வான் ஓடிப் பிழைக்கிறவன் நான். என்னைப் போன்றவர்கள் இதற்கு அழுத காசு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏ.சி. காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வாகனத்தில் ரப்பர் குழாய் வழியே வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம், அது வேறு கதை. மாதக் கணக்கில் குறைந்தால் எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது. அதைத் தேடாமல் மேலே மேலே அடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் திருத்த வேலையா?

என்னுடையது டொயோட்டா கே.டி.எச். வான். பின் ஏ.சி.க்குப் போகும் குழாய்கள் வானின் அடிப்பக்கத்தால் நீளத்துக்கு ஓடுகின்றன. ஆனையிறவு உப்புக் காற்றும், தீவுப் பக்கம் போனால் கடல்நடுவே போகிற தெருவின் ஈரமும் முதலில் பிடிப்பது அந்த அலுமினியக் குழாய்களைத்தான். காஸ் அடித்த கராஜ்களில் ஒருவர்கூட அடியில் குனிந்து பார்க்கவில்லை. கடைசியில் சுன்னாகப் பக்கம் ஒரு தம்பி, காஸின் அழுத்தம் காட்டும் கேஜைக் கையில் எடுக்கும் முன்னமே, டோர்ச் லைற்றோடு வானுக்குக் கீழே படுத்தார். ஒரு பொருத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பசை, அதில் செம்மண் புழுதி அப்பியிருந்தது. காஸ் வெளியே வரும்போது, காஸை அழுத்திச் சுற்றவிடுகிற கொம்பிரசரின் ஒயிலையும் கொஞ்சம் கொண்டுவரும், அதனால்தான் அந்தப் பசை என்றார். பிரஷால் சவர்க்கார நுரையைத் தடவினார். சின்னச் சின்னக் குமிழ் ஊதிக்கொண்டு வந்தது. பொருத்தை ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஒரு ஓ-றிங், போய், பொருத்தின் வாயும் அரித்திருந்தது. கையில் பிடித்த அந்த ஓ-றிங் பெருவிரல் நகத்தை விடப் பெரிதில்லை.

பிறகு அவர் செய்ததையும் எழுதவேண்டும். பழுதைச் சரிசெய்து, பம்ப் பூட்டி, உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்து எடுத்தார். வெற்றிடத்தில் தண்ணீர் நம்முடைய வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடுமாம். அந்த ஈரத்தை விட்டுவைத்தால் அது காஸோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகும் ஊசி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினால் இன்னும் ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் காஸ், அதுவும் தராசில் வைத்து நிறுத்து. எவ்வளவு அடிக்கவேண்டும் என்பது பெரும்பாலான வாகனங்களில் பொனற்றுக்குள் ஸ்ரிக்கரில் கிராம் கணக்கில் இருக்கிறது. பல சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவே தேவைப்படாது. கூட அடித்தாலும் குளிர் குறையும், கொம்பிரசரும் திணறும்.

பல கராஜ்களில் தராசு இல்லை, கேஜ் ஊசியைப் பார்த்தே அளவு சொல்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்த்தால், வாகன ஏ.சி.களில் பரவலாக இருக்கிற ஆர்-134ஏ காஸ் உள்ளே திரவமாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலே, 30 பாகை வெப்பத்தில் ஊசி ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ.யில் நிற்கும். நிறைய இருந்தாலும் அதே 100தான். அந்த ஊசி எப்படி அளவு சொல்லும்?

எல்லாப் பழுதும் காஸ் பழுதும் இல்லை. ஓடும்போது குளிர்ந்து, ரெயில் கடவையில் நிற்கும்போது சூடாக ஊதினால் முதலில், காஸின் சூட்டை வெளியே விடுகிற கொண்டென்சரின் ஃபானைப் பார்க்கவேண்டும். காற்றே பலமாக வராவிட்டால் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் ஃபில்ரரைக் கழற்றிப் பாருங்கள், எங்கள் ஒழுங்கைப் புழுதி முழுக்க அதற்குள்தான் கிடக்கும்.

அக்வா, பிறியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அவற்றின் கொம்பிரசர் பெல்ற்றில் ஓடுவதில்லை, ஹைபிரிட் பற்றரியின் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கென்று என்.டி.-11 என்ற தனி ஒயில் இருக்கிறது. சாதாரணக் காருக்கு விடுகிற பாக் ஒயிலை விட்டால் மின்காப்பு கெட்டுக் கொம்பிரசரே போய்விடும். காஸ் அடிக்கும்போது என்ன ஒயில் சேர்க்கிறீர்கள் என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

அதோடு, கராஜ்களில் பழைய காஸை "புஸ்" என்று வெளியே திறந்துவிடுகிறார்கள். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, உண்மைதான். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதில் ஒரு கிலோ, கரியமில வாயு ஏறத்தாழ 1,400 கிலோவுக்குச் சமம். அதைத் திரும்பப் பிடிக்கிற மெசின் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் பெடியன்கள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். ஏற்கெனவே தொழில் செய்கிற கராஜ்காரருக்கும் அங்கே வார இறுதியில் ஏ.சி. வேலைக்கு ஒரு குறுகிய வகுப்பு வைத்தால் என்ன? நல்ல கை வேலைக்காரர் எங்களிடம் இல்லாமல் இல்லை, சாமானும் பழக்கமும்தான் காணாது.

பில்லில் மூன்று விசயம் எழுதித் தரச்சொல்லி நாங்களும் கேட்கவேண்டும்: ஒழுக்கு எங்கே இருந்தது, எத்தனை கிராம் காஸ் போனது, எந்த ஒயில். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டுச் சனம் வந்திறங்கும் காலம் கட்டுநாயக்காவிலிருந்து ஏறினவுடனேயே "தம்பி, ஏ.சி. போட்டிருக்கோ?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முதல், தராசும் பம்பும் வைத்து வேலை செய்கிற கராஜ்காரர்கள் தெருவில் தெரிகிற மாதிரி ஒரு பலகை போட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும். கூலி கூடினாலும் நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
வாடகை வான் சாரதி ஒருவர்,
கோண்டாவில்.