எந்தப் பேட்டையில் வீடு மலிவு? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகப் படியேறி வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பது, "அண்ணே, எந்தப் பேட்டையில நாலறை வீடு மலிவு?" என்பதுதான். இத்தனை நாளும் அதற்கு ஒரு பக்கப் பட்டியல் கொடுத்து வந்தோம். ஒரு பக்கம் ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங், பிடோக், தோ பாயோ என்று சிங்கப்பூர்ப் பேட்டைகளின் பெயர்கள். எதிரே அங்கே அண்மையில் கைமாறிய வீடுகளின் விலை. இந்த மாதத்தோடு அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டோம். ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தம்பதி வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம், இருவரும் நிரந்தரவாசிகள், அதாவது குடியுரிமை இல்லாமல் இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்கள். அந்த அம்மா கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் பேட்டைவாரியாக விலையை எழுதி, மலிவானதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். எல்லாம் எங்கள் பட்டியலில் இருந்து எடுத்த எண்கள். வட்டமிட்ட பேட்டையிலேயே ஒரு வீடு பிடித்துப்போய், அதை வாங்கும் உரிமைக்காக விற்பவருக்குத் தரும் ஆப்ஷன் காசும் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பிக்கப் போனால், அந்த அடுக்குமாடி புளோக்கில் நிரந்தரவாசிகளுக்கான இடம் நிரம்பிவிட்டது. முந்தைய மாதக் கடைசியில் நாங்கள் பார்த்தபோது இடம் இருந்தது. அந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். மறுபடி பார்க்காமல் விட்டது எங்கள் தவறு. கொடுத்த காசு திரும்பவில்லை. அந்த அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஆகவே முதலில் இந்த ஒதுக்கீட்டைப் பற்றியே சொல்கிறேன். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, இந்தியர்களும் மற்ற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு வரைதான் வீடு வைத்திருக்கலாம். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இதற்கு மேல் இன்னொரு வரம்பு உண்டு: புளோக்குக்கு 8 விழுக்காடு, வட்டாரத்துக்கு 5 விழுக்காடு. ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசியான நம்மவர்கள் இரண்டையும் தாண்ட வேண்டும். ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் வீட்டை விற்றால், வாங்குகிறவரும் அதே பிரிவில் இருக்க வேண்டும். வாங்க ஆள் குறைவு, அதனால் விலை இறங்கும். பட்டியலில் அது 'மலிவு' என்று நிற்கும். அங்கேயே பல வருடம் இருக்கப் போகிறவர்களுக்கு நல்ல வாய்ப்புதான், நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

அப்புறம் குத்தகை. வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடு 99 ஆண்டுக் குத்தகை என்பது எல்லோருக்கும் தெரியும், விலை கேட்கும்போது மறந்துவிடுகிறது. போன வாரம் தோ பாயோவில் ஒரு பழைய மூவறை வீடு பார்த்தோம். சமையலறை ஜன்னலில் நின்றால் நல்ல காற்று, கீழே இறங்கினால் சந்தை. குளியலறைக் கூரையில் மட்டும் சிமெண்ட் உப்பிப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. குத்தகை 1974-இல் தொடங்கியது, 2073-இல் முடியும். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதிப் பணத்தை முழு அளவில் எடுக்க வேண்டுமானால், வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சம் இருக்க வேண்டும். இன்று 30 வயதுக்காரருக்கு 80 வயதுக்கு முன்பே அது தீர்ந்துவிடும். சேமநிதியிலிருந்து எடுக்கும் தொகை குறைகிறது, வீவக கடனும் அதே கணக்கில் குறைகிறது, மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். செங்காங்கில் குத்தகை நிறைய மிச்சமிருந்து, விலை கூடுதலாகத் தெரிந்த வீடு அப்போது உங்கள் கைக்காசுக்கு லேசாக இருக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே கூடத்தையும் ஓர் அறையாகவே எண்ணுவார்கள். நாலறை வீடு என்றால் படுக்கையறை மூன்றுதான். நாலறைக்கு நாலறை அளவும் மாறும். 1980களில் கட்டியவற்றில் 100 சதுர மீட்டரைத் தாண்டியவை நிறைய; இப்போது கட்டுவது 90-ஐ ஒட்டித்தான்.

இனிக் கைக்காசு. 600,000 வெள்ளிக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரை வரி 12,600 வெள்ளி. நிரந்தரவாசிக் குடும்பத்துக்கு முதல் வீடு என்றாலும் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, அதாவது இன்னும் 30,000. வீவக மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்டால், அந்த வித்தியாசம் முழுவதும் ரொக்கம்; கடனும் கிடையாது, சேமநிதியும் கிடையாது. ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் மதிப்பீடு தெரியும் என்பதால், பலருக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான்.

குடிமக்களுக்கு மானியம் உண்டு. முதன்முறையாக மறுவிற்பனையில் நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீடு வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், 80,000 வெள்ளி. பெற்றோர் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் மேலும் 20,000. ஒன்றாகவே குடியிருந்தால் 30,000. அம்மா பிடோக்கில் இருந்தால் உங்களுக்குப் பிடோக்கின் விலை வேறு, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு. எல்லோருக்கும் ஒரே பட்டியல் கொடுக்க முடியாமல் போனது இதனால்தான்.

இனிமேல் உங்களுக்குத் தரப்போகும் தாளில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் வரியில் விலை வராது, சாவி வாங்கும் நாள்வரை உங்கள் கையிலிருந்து போகும் ரொக்கம் வரும். அதன் கீழே குத்தகை முடியும்போது உங்களில் இளையவரின் வயது. அடுத்து, ஒதுக்கீட்டை எந்தத் தேதியில் பார்த்தோம் என்ற குறிப்பு. ஆப்ஷன் காசு கொடுக்கும் அன்று காலையும், விண்ணப்பிக்கும் அன்றும் மறுபடி பார்த்து, அதே தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவோம்.

வரும்போது சேமநிதிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, நிரந்தரவாசி என்றால் எந்தத் தேதியில் கிடைத்தது என்ற விவரம், இங்கே பெற்றோர் இருந்தால் அவர்கள் வீட்டு அஞ்சல் குறியீடு, இவ்வளவும் எடுத்து வாருங்கள். இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருந்தால்தான் மறுவிற்பனை வீடு வாங்க முடியும். அதற்கு முன்பு வந்தாலும் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்க வரும்போது மேலே ஏறி வாருங்கள். மாலை ஏழு மணிவரை இருப்போம்.

அன்புடன்,
உங்கள் வீட்டு முகவர்கள்
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்