ஜன்னல் கழுவுற சுத்த தண்ணி ஆர்ஓ யூனிட் புகார் (அஞ்சாவது மெயில், இதுக்காவது ஒரு மனுஷன் பதில் போடுங்க)

வணக்கம் சார் / மேடம்,

இது நான் உங்களுக்கு அனுப்புற அஞ்சாவது மெயில். முன்னாடி அனுப்புன நாலுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு, அதுல மூணுக்கு மூணு வேற வேற டிக்கெட் நம்பர், நாலாவதுல நம்பரே இல்ல. போன் பண்ணா எந்த டிக்கெட்னு கேக்குறாங்க, நம்பர் சொன்னா அது குளோஸ் ஆயிடுச்சுங்குறாங்க. யாரு குளோஸ் பண்ணா, எதை சரி பண்ணிட்டு குளோஸ் பண்ணாங்கன்னு கேட்டா சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுதாம். அதனால இந்த தடவ எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன். நீளமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க, நான் மூணு மாசமா பொறுத்துட்டு இருக்கேன்.

யூனிட் எதுன்னு உங்களுக்கே தெரியும், வண்டில வைக்கிற அந்த முழு செட்டு, 350 லிட்டர் டேங்க், தண்ணிலேருந்து உப்ப வடிகட்டுற ஆர்ஓ, அதுக்கப்புறம் மிச்ச உப்ப புடிக்கிற டிஐ ரெசின் வெசல், பம்பு, கன்ட்ரோலர், ஹோஸ் ரீல், கூட பிரஷ் மாட்டுற அந்த 30 அடி கார்பன் போல் (நீளக் கம்பு). பில் உங்ககிட்டயே இருக்கு.

நான் 12 வருஷமா ஜன்னல் கண்ணாடி கிளீன் பண்ற தொழில்ல இருக்கேன். ஏணி, மாப்பு, ஸ்க்வீஜி (தண்ணி வழிக்கிற ரப்பர் பட்டை), பக்கெட்டு, இடுப்புல ரெண்டு துணி, அவ்ளோதான் என் கம்பெனி. முட்டி வலி வந்துச்சு, கூட வேல பாக்குற தம்பி ஒரு நாள் ரெண்டாவது மாடில ஏணி சறுக்கி மயிரிழைல தப்பிச்சான், அதுக்கப்புறம்தான் போல் சிஸ்டத்துக்கு மாறலாம்னு முடிவு பண்ணேன். உங்க டெமோவுக்கு வந்தேன். கீழ நின்னுக்கிட்டே பிரஷ்ஷால தேச்சு, தண்ணி விட்டு அலசி, துணியே படாம அப்படியே விட்டுட்டு போனாரு உங்க ஆளு, காஞ்சதும் கண்ணாடி இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி இருந்துச்சு. சுத்த தண்ணில உப்பே இல்ல, அதனால காஞ்சாலும் புள்ளி விழாதுன்னு சொன்னாரு. சரியான விஷயம்தான், நான் அதை குறை சொல்லல. சிஸ்டம் நல்ல சிஸ்டம். நீங்க எனக்கு குடுத்த யூனிட்டுதான் நல்லா இல்ல.

மொத ரெண்டு வாரம் தங்கம் மாதிரி ஓடுச்சு. தண்ணில எவ்ளோ உப்புன்னு காட்டுற மீட்டர்ல 000. அப்புறம் 4, 9, 20ன்னு ஏற ஆரம்பிச்சுது. ஒரு கிளினிக் ரெகுலரா பண்றேன், கிழக்க பாத்த பெரிய கண்ணாடி. சாயங்காலம் முடிச்சுட்டு வந்தேன், மறுநாள் காலைல அந்த மேடம் போன், "தம்பி, கண்ணாடில அம்மை போட்ட மாதிரி இருக்கு, வந்து பாருங்க"ன்னு. போய் பாத்தா வெயில் நேரா அடிக்குது, மேல் பிரேம்லேருந்து கீழ வரைக்கும் வெள்ள வெள்ளையா புள்ளி, சில எடத்துல தண்ணி வடிஞ்ச கோடு அப்படியே காஞ்சு நிக்குது, விரல வச்சு தேச்சா மாவு மாதிரி வருது. அந்த மேடம் ஒண்ணும் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. பழைய மாதிரியே பண்ணிடுங்க தம்பின்னு மட்டும் சொன்னாங்க.

பழைய மாதிரி பண்ண ஏணி வேணும்ல? ஏணிய நான் வித்துட்டேன். உங்க சேல்ஸ் ஆளுதான் இனிமே ஏணியே தேவையில்லன்னு சொன்னாரு, வண்டில எடம் வேணும்னு வித்துட்டேன். யாருக்கு வித்தேனோ அவர்கிட்டயே போய் அரை நாளுக்கு அதே ஏணிய கடன் கேட்டு வாங்கி, எல்லா கண்ணாடியையும் கையால தொடச்சு குடுத்தேன். அவரு சிரிச்ச சிரிப்ப இந்த மெயில்ல அட்டாச் பண்ண முடியல.

உங்க கஸ்டமர் கேர்ல மொதல்ல சொன்னது, மொத ரெண்டு மூணு கிளீனிங்ல அப்படித்தான் இருக்கும், பழைய சோப்பு பிரேம்லயும் ரப்பர்லயும் ஊறி இருக்கும், அது எறங்கித்தான் புள்ளி வருதுன்னு. அது எனக்கும் தெரியும் சார். அதுக்குத்தான் மேல் பிரேம மொதல்ல நல்லா தேச்சு அலசிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் கண்ணாடிக்கு எறங்குறோம். ஆனா அந்த கிளினிக்குக்கு அது மூணாவது கிளீனிங், மொத ரெண்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. சோப்பு கரைய கரைய கண்ணாடி நல்லாதானே ஆகணும், எப்படி மோசமாகும்? இத கேட்டா லைன்ல பாட்டு போட்டுட்டாங்க.

சரி ரெசின் முடிஞ்சிருக்கும்னாங்க, வாங்குனேன். ரெண்டு வாரத்துல அதுவும் முடிஞ்சுது. இன்னொண்ணு வாங்குனேன். அதுவும். இப்ப மூணாவது மூட்டை ஓடுது. ரெசின் கன்ஸ்யூமபிள், வாரண்டில வராதுன்னு பில்லு போடும்போது மட்டும் ரொம்ப தெளிவா பேசுறீங்க. ஏன் இவ்ளோ சீக்கிரம் முடியுதுன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா? எங்க குழாய் தண்ணில உப்பு 380 பிபிஎம். உங்க ஆர்ஓ அதுல 95 சதவீதம் புடிச்சிருந்தா வெளிய வர்ற தண்ணி 20க்குள்ள இருக்கணும். எனக்கு 110 வருது. 20க்கு பதிலா 110 வந்து வெசல்ல விழுந்தா ரெசின் அஞ்சாறு மடங்கு வேகமா சாகும். இது பெரிய கணக்கு இல்ல, தண்ணி சிஸ்டம் விக்கிற கம்பெனிக்கு நான் சொல்லித்தரணும்னு இல்ல. மொத ரெண்டு வாரம் நல்லா வந்ததுக்கும் இதேதான் காரணம், புது ரெசின் ஆர்ஓவோட குறைய மறச்சுக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப உங்க சர்வீஸ் டெஸ்க்ல இருக்கிற அந்த ஆளு விஷயத்துக்கு வரேன். பேரு வேண்டாம், உங்களுக்கே தெரியும், மதியத்துக்கு மேல போன் எடுக்கிறவரு. முடிஞ்சுபோன ரெசின்லேருந்து மீன் கவிச்சி அடிக்குதுன்னு நான் சொன்னேன். சொன்னதுக்கு அவரு கேட்ட கேள்வி, "டேங்க்ல மீன் கழுவுனீங்களா?" பக்கத்துல இன்னொருத்தர் சிரிக்கிறது எனக்கு கேக்குது. சார், ரெசின் செத்தா அப்படித்தான் நாறும், அதுல இருக்கிற அமீன்ங்குற கெமிக்கல் சமாச்சாரம் அது, இந்த லைன்ல ஒரு வருஷம் இருந்தவனுக்கே தெரியும். உங்க சர்வீஸ் ஆளுக்கு தெரியல. தெரியலன்னா கூட பரவால்ல, கேட்டு சொல்றேன்னு சொல்லிருக்கலாம். அதோட விட்டாரா, "ஸ்க்வீஜி புடிச்சவங்களுக்கு இந்த டெக்னாலஜி செட் ஆக கொஞ்சம் டைம் ஆகும்"னு ஒரு உபதேசம் வேற. அந்த ஸ்க்வீஜி புடிச்ச கைதான் சார் உங்களுக்கு செக்குல கையெழுத்து போட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மீன் கழுவுனீங்களாவாம்.

அப்புறம் யூனிட்ட நேர்ல கொண்டு வாங்கன்னு சொன்னது நீங்க, நானா கேக்கல. ஒரு நாள் வேலைய கேன்சல் பண்ணிட்டு, ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்தேன், தம்பிக்கு அன்னிக்கு சம்பளம் வேற. ரிசப்ஷன்ல உக்கார வச்சாங்க, பதினோரு மணிலேருந்து நாலு மணி வரைக்கும். நாலு மணிக்கு ஒருத்தர் வந்து வண்டிய சுத்தி ஒரு ரவுண்டு பாத்துட்டு, இங்க டெஸ்ட் பண்ண முடியாது சார், தண்ணி கனெக்ஷன் இல்லன்னாரு. நான் ஜோக்குன்னு நெனச்சேன். சுத்த தண்ணி மிஷின் விக்கிற ஆபீஸ்ல ஒரு குழாய் இல்ல! டெமோவுக்கு மட்டும் எங்கேருந்து தண்ணி வந்துச்சு? இத கேட்டா அது மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்டாம்.

நானும் ஒரு முன்யோசனைல ஆர்ஓ தண்ணிய ரெண்டு பாட்டில்ல புடிச்சு கொண்டு போயிருந்தேன். மீட்டர விட்டு காட்டுனேன், 112. உடனே பாட்டில்ல அடைச்ச தண்ணில டிடிஎஸ் (கரஞ்சிருக்கிற உப்பு அளவு) ஏறிரும்னு ஒரு விளக்கம். சுத்த தண்ணி காத்து பட்டா ஒண்ணு ரெண்டு ஏறும், ஒத்துக்கறேன். 112 ஏறுமா? அப்படி ஏறுனா காத்து இல்ல, உப்பளம். அப்புறம் மீட்டரு டூப்ளிகேட்டா இருக்கும்னாரு. சார் அது உங்க கிட்ல நீங்களே போட்டு குடுத்த மீட்டரு, பின்னாடி உங்க ஸ்டிக்கர் இருக்கு. ஸ்டிக்கர பாத்ததும் பிரஷர் கம்மியா இருக்கும், பூஸ்டர் பம்பு வாங்குங்கன்னாரு. கேஜ்ல 60 பிஎஸ்ஐ காட்டுது, போட்டோ மூணாவது மெயில்லயே இருக்கு. பிரஷர் இருந்தும் எதுக்கு பூஸ்டர்? நாளைக்கு என் முட்டிக்கும் ஒரு பம்பு மாட்ட சொல்வீங்க போல.

இதுல இன்னொண்ணு, சொல்ல மறந்துட்டேன், கார்பன் போல் கரண்ட கடத்தும்னு டெமோல ஒரு வார்த்த சொல்லல. போல்ல இருந்த மஞ்ச ஸ்டிக்கர படிச்சுதான் தெரிஞ்சுது. நாங்க வேல செய்யுற பாதி கட்டடத்துக்கு பக்கத்துல மின்கம்பி போகுது. இது புகார் இல்ல, ஆனா அடுத்து வாங்குறவனுக்காவது மொதல்லயே சொல்லுங்க, உசுரு விஷயம்.

உங்ககிட்ட அலஞ்சு அலஞ்சு வெறுத்துப்போய்தான் எனக்கு தெரிஞ்ச பிளம்பர் அண்ணன் ஒருத்தர கூப்பிட்டேன். அவரு ஆர்ஓ ஹவுசிங்க (வெளி உறை) கழட்டி, உள்ள உப்ப வடிகட்டுற மெம்பிரேன வெளிய இழுத்து, நடுவுல நல்ல தண்ணி வர்ற குழாய் இருக்கே, அது மூடில போய் சொருகுற எடத்துல டார்ச் அடிச்சு பாத்தாரு. ரெண்டு ஓ ரிங் (கசிவு தடுக்கிற ரப்பர் வளையம்) இருக்க வேண்டிய எடம், ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணுல ரிங்கே இல்ல. இன்னொண்ணுல இருந்த ரிங்கு முறுக்கிக்கிட்டு, ஒரு பக்கம் நகத்தால கிள்ளுன மாதிரி வெட்டு. மாட்டும்போது கிரீஸ் தடவாம அழுத்தி ஏத்திருக்காங்க, அதான் அறுந்திருக்குன்னாரு அண்ணன். அந்த சந்து வழியா உப்புத்தண்ணி நேரா நல்ல தண்ணில கலக்குது. அவரு பையிலேருந்து கிட்டத்தட்ட அதே சைஸ்ல ரெண்டு ரிங்க எடுத்து மாட்டுனாரு, கா மணி நேரம் ஓடவிட்டு பாத்தோம், 110 இருந்தது 31க்கு எறங்கிருச்சு. சைஸ் சரியா இல்லாத ரிங்குக்கே இப்படின்னா சரியான ரிங்கு போட்டா எவ்ளோ வரும்னு நீங்களே சொல்லுங்க. மூணு மாசம், மூணு மூட்டை ரெசின், ஏழு கஸ்டமர், எல்லாம் ஒரு விரல் மோதிரம் சைஸ் ரப்பருக்காக.

இத சந்தோஷமா உங்களுக்கு போன் பண்ணி சொன்னா, "நீங்க ஹவுசிங்க தொறந்துட்டீங்க, வாரண்டி போச்சு." சொன்னது அதே மீன் ஆளு. நீங்க தொறந்து பாக்க மாட்டீங்க, தொறந்து பாக்க குழாயும் இல்ல, ஆளும் இல்ல, நான் தொறந்தா வாரண்டி இல்ல. அப்போ அது எதுக்கு வாரண்டி, பூஜைல வைக்கவா? இத்தனைக்கும் உங்க மேனுவல்லயே மெம்பிரேன கஸ்டமரே மாத்திக்கலாம்னு படம் போட்டு காட்டிருக்கீங்க. ஹவுசிங்க தொறக்காம மெம்பிரேன எந்த வழியா மாத்துறது?

என் பக்கமும் ஒரு தப்பு இருக்கு, மறைக்கல. கார்பன் பில்டர ஒரு தடவ மூணு வாரம் லேட்டா மாத்துனேன். குளோரின் போய் மெம்பிரேன அரிச்சிரும்னு தெரியும். ஆனா அது போன மாசம் நடந்தது, என் மொத புகார் அதுக்கு ரொம்ப முன்னாடி, மெயில் தேதிய பாருங்க. அதையும் இதையும் முடிச்சு போடாதீங்க.

12 வருஷமா சேத்த பேரு ஒரே சீசன்ல நாசமாயிடுச்சு சார். ஏழு ரெகுலர் வீடு போச்சு, கிளினிக் மேடம் மட்டும் இன்னும் கூப்பிடுறாங்க. வண்டிக்கும் மிஷினுக்கும் தவண கட்டிட்டு இருக்கேன், என் தொழிலையே முடிச்சுவிட்டுட்டீங்க.

உங்ககிட்ட சண்ட போடணும்னு எனக்கு ஆச இல்ல. தயவு செஞ்சு ஒரு டெக்னீஷியன அனுப்புங்க, குழாய்ல ஒரு ரீடிங், ஆர்ஓ விட்டு வர்றப்ப ஒரு ரீடிங், ரெசின் தாண்டி ஒரு ரீடிங், மூணையும் என் கண்ணு முன்னாடி எழுதட்டும். புது ஹவுசிங், ஒரிஜினல் ரிங்கோட, மாட்டிக் குடுங்க. வீணாப்போன மூணு மூட்டை ரெசினுக்கு பதில் ரெசினா குடுத்தாலும் சரி, காசா குடுத்தாலும் சரி. வாரண்டி இருக்குன்னு எழுத்துல வேணும், போன்ல சொல்ற கத வேணாம். ஏழு நாள் பாப்பேன், அதுக்கு மேல நுகர்வோர் கோர்ட்டுதான், எல்லா மெயிலும் போட்டோவும் ஒரு பைல்ல போட்டு ரெடியா வச்சிருக்கேன், அறுந்த ஓ ரிங்கும் ஒரு கவர்ல இருக்கு. அந்த மீன் ஆளு பேசுன போன் காலும் ரெக்கார்ட் ஆயிருக்கு, "தரத்திற்காக பதிவு செய்யப்படலாம்"னு நீங்கதானே சொல்றீங்க, நானும் பதிவு பண்ணேன்.

அடுத்த புதன்கிழம வரைக்கும் வண்டிய வீட்டு வாசல்லதான் நிறுத்திருப்பேன், எந்த நேரம் வந்தாலும் சரி. எங்க வீட்ல குழாய் இருக்கு, தண்ணியும் வரும். வர்றவர மீட்டர் மட்டும் எடுத்துட்டு வர சொல்லுங்க, என்னுது டூப்ளிகேட்டாமே. அந்த மீன் ஆள மட்டும் அனுப்பாதீங்க.

இப்படிக்கு,
மூணு டிக்கெட் நம்பர் வச்சிருக்கிற உங்க கஸ்டமர்

(போட்டோ 11, பில் 4, வீடியோ 1 இணைச்சிருக்கேன். வீடியோல 110லேருந்து 31க்கு எறங்குறது தெளிவா தெரியும், நடுவுல பேசுறது பிளம்பர் அண்ணன், அவரு உங்களப்பத்தி சொன்னத கண்டுக்காதீங்க.)