மேடையில் நான் சொன்ன வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

விளம்பர நாடகங்கள்தான் இன்று மேடை நடிகர்களுக்குக் கைகொடுக்கின்றன, அவற்றைக் குறைவாகப் பேசக்கூடாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மைதான். திருகோணமலையில் நாடகத்தை மட்டும் நம்பி அடுப்பெரித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் ஓட்டோ ஓடுகிறார், ஒருவர் பாடசாலையில் படிப்பிக்கிறார், நான் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். ஆனாலும் அந்த விளம்பரக் காசை வாங்கியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது.

2016இல் ஒரு நுண்கடன் நிறுவனம், அதாவது ஊர்ப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் நிறுவனம், எங்களைக் கூப்பிட்டது. நிலாவெளி, குச்சவெளி, மூதூர்ப் பக்கம் ஒன்பது ஊர்களில் அரைமணி நேர நாடகம். ஆளுக்கு மேடைக்கு 3,000 ரூபா. கொழும்பிலிருந்து வந்த நாடகப் பிரதி வாயில் நுழையவில்லை. கடற்கரையில் வலை இழுக்கிறவன் எவன் பெண்சாதியிடம் "உன் கனவுகளை நனவாக்கு" என்று கதைப்பான்? உட்கார்ந்து எல்லாவற்றையும் எங்கள் பேச்சுக்கு மாற்றினோம். தொடக்கத்தில், கூத்தை அறிவித்துத் தொடங்கும் கட்டியகாரனைக் கொண்டுவந்தோம். சல்லரித் தாளச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து முன்னால் குந்தினார்கள், பின்னாலேயே தாய்மாரும் வந்தார்கள். எனக்குக் கூலிக்குக் கரைவலை இழுப்பவன் வேடம். மனைவி கடன் எடுத்துக் கருவாடு போடுவாள், கடைசிக் காட்சியில் எங்களுக்குச் சொந்த வள்ளம் வந்துவிடும். "மாதம் இரண்டு வீத வட்டி" என்பது பிரதியில் இருந்த வசனம். "வெத்திலைக் காசுதானே புள்ள!" என்று அதற்குப் பின்னால் ஒட்டியது நான். ஒன்பது ஊரிலும் அதற்குத்தான் கைதட்டல்.

நிலாவெளிப் பக்கத்து ஊரொன்றில் பொது நோக்கு மண்டபத்தில் ஆடினோம். நாடகம் முடிந்து, மீசையில் பூசிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு அக்கா வந்தார். மணிக்கட்டில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணை, மெய்யாவே ரெண்டு வீதம்தானோ?"

"ஓம் அக்கா" என்றேன். நேரே மூலையில் போட்டிருந்த மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. நடிப்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அந்த இரண்டு வீதம் என்னவென்று பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 50,000 ரூபா எடுத்தால் வருடத்துக்கு 12,000 வட்டி. மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபாப்படி 52 கிழமை. முதல் கிழமையிலிருந்தே வாங்கிய கடனும் சேர்ந்து குறைந்துகொண்டு போகிறது. வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரைக்கும் முழு ஐம்பதினாயிரத்துக்கே. கையில் உண்மையாக இருக்கும் காசுக்குப் பார்த்தால் வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டுகிறது. சேர்ந்து கடன் எடுத்த குழுவில் ஒரு பெண் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் அதையும் கட்டவேண்டும் என்பது நாடகத்தில் எங்குமே வரவில்லை. கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் கிழமைக் காசுக்கு எங்கே போவது என்பதும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே ஊருக்கு வயரிங் வேலைக்குப் போனேன். "வெத்திலைக் காசு அண்ணை" என்று கூப்பிட்டது அந்த அக்காதான். ஏசவில்லை. பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு கடன் கட்டும் மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார், மூன்றும் வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றைக் கட்ட மற்றதில் எடுத்திருக்கிறார். தோடு அடகில் இருந்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்ததும் அந்த 2018இல்தான். 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, அந்த முகங்களுக்குள் அக்காவின் முகத்தைத்தான் தேடினேன்.

அதற்காக விளம்பர நாடகமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2017இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோனபோது அங்கே தெருநாடகம் போட்டோம். அதுவும் ஒரு பிரசாரம்தான். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் பக்கத்திலேயே நின்றார். "கிணத்துக்குள்ள மீன் விட்டாக் காணுமா?" என்று ஒரு உம்மா ஆட்டத்தின் நடுவில் கேட்டார். சல்லரியை நிறுத்தினோம், பரிசோதகர் பதில் சொன்னார், திரும்பவும் ஆடினோம். நான் ஆடியவற்றில் நிறைவான ஆட்டம் அது.

விளம்பர மேடை ஏறும் தம்பி தங்கச்சிமாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிரதியோடு கடன் ஒப்பந்தப் படிவத்தையும் தமிழில் வாங்கி வாசியுங்கள். மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை வசனத்திலேயே சொல்லுங்கள். பதில் சொல்லக்கூடிய அதிகாரி ஒருவரை மூலை மேசையில் விடாமல் சனத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். சனம் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நம்புவதில்லை, வேடம் போட்ட எங்களைப் பார்த்துத்தான் நம்புகிறது.

போன மாதம் எங்கள் குழுவுக்கு இன்னொரு நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. கடன் படிவத்தின் நகலை அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகுதான் ஒத்திகை என்று எழுதியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
நாடக நடிகர் ஒருவர்,
திருகோணமலை.