கை ஓங்கும் பிள்ளைகள்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். அடிதடியிலோ திருட்டிலோ பிள்ளையின் பெயர் அடிபட்டதும் சில வீடுகளில் பெல்ட் கைக்கு வருகிறது. சில வீடுகளில் "எங்கள் பையன் அப்படிச் செய்யமாட்டான்" என்று பேச்சே முடிந்துவிடுகிறது. இரண்டுமே அவனைக் கைவிடுவதுதான்.

வீட்டில் அன்றாடம் நடப்பதைக் கவனியுங்கள். "போனை வை" என்கிறீர்கள். முறைக்கிறான். நீங்கள் கத்த, அவனும் கத்துகிறான். தட்டு பறக்கிறது. "எப்படியோ போ" என்று நகர்ந்துவிடுகிறீர்கள். போன் அவன் கையிலேயே இருக்கிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டான். இன்னொரு நாள் நீங்கள் அறைந்து அவன் அடங்கினால், அடித்தால் அடங்குவார்கள் என்பதையும் கற்கிறான். குடும்பங்களை வீட்டிலேயே கவனித்து, உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விளக்கிய சுழல் இது.

ஆத்திரம் தலைக்கேறியிருக்கும்போது புத்திமதி ஏறாது. குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்பதோடு நிறுத்துங்கள். வாசலை மறிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். அரை மணி நேரமாவது போகட்டும். பிறகு "ஏன் செய்தாய்?" என்று குடையாமல், "முதலில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தெரியாமல் தோள் இடித்ததைக்கூட வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இப்பிள்ளைகள் பலருக்கு உண்டு. "அவன் உன்னைப் பார்க்காமல் வந்திருப்பானோ?" என்று சேர்ந்து யோசிக்க வேண்டிய இடம் அது.

தண்டனை சிறியதாக, அன்றே, சொன்னபடி இருக்கட்டும். ஒரு மாதம் போன் கிடையாது என்று சொல்லி மூன்றாம் நாள் கொடுப்பதைவிட, ஒரே ஒரு மாலை கொடுக்காமலிருப்பது மேல். எடுத்த பொருளை அவனே திருப்பிக் கொடுக்கட்டும். நீங்கள் உடன் நில்லுங்கள்.

சிறையைக் காட்டிப் பயமுறுத்தினால் திருந்துவான் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகளைச் சிறைக்கே அழைத்துப்போய் அப்படி மிரட்டும் திட்டங்களை ஆராய்ந்ததில், போய்வந்தவர்களே போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்தார்கள். இத்தகைய பிள்ளைகளை மட்டும் ஒன்றுசேர்க்கும் முகாம்களிலும் ஆபத்துண்டு: ஒருவன் பெருமையடிக்க, மற்றவர்கள் சிரித்து ஊக்குவிப்பார்கள். எங்கே, யாருடன், எப்போது திரும்புவான் என்பது உங்களுக்குத் தினமும் தெரிந்திருந்தால் அதுவே பெரிய காவல்.

பதின்பருவத்தில் தடம் மாறுபவர்களில் பெரும்பாலோர் வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். சிறுவயதிலேயே தொடங்கியவர்களுக்குத்தான் உடனடி உதவி தேவை. கத்தி வைத்திருந்தாலோ, விலங்குகளை வதைத்தாலோ, "கொன்றுவிடுவேன்", "செத்துவிடுவேன்" என்றாலோ அன்றே எங்களிடமும் மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

என்னைப் பார்க்க வரும்முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: சண்டை எத்தனை மணிக்கு, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, எப்படி முடிந்தது. அதை வைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்