கொழும்பில இருக்கிற எங்கட சங்கங்களின்ட செயலாளர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், கோயில் பரிபாலன சபை எண்டு வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் இருக்கிற எல்லாச் செயலாளர்மாருக்கும் பொருளாளர்மாருக்கும் சேத்துத்தான் எழுதுறன், சங்கத்து ஃபைலுகளுக்கு பேக்கப், அதாவது வேற இடத்தில இன்னொரு கொப்பி, வச்சிருக்கிறதைப் பற்றி. நான் பம்பலப்பிட்டியில கொம்பியூட்டர் திருத்திற ஆள். பொதுக்கூட்டம் கிட்ட வர வர என்ட மேசைக்கு சங்கத்து லாப்டொப்புகள் வரத் தொடங்கும், "தம்பி கணக்கு முழுக்க இதுக்குள்ளதான், எப்பிடியாவது எடுத்துத் தாங்கோ" எண்டு.

சில நேரம் எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்ட உடன நிப்பாட்டிக் கொண்டு வந்தா ஒரு சான்ஸ் இருக்கு, ஆனா இன்னொருக்கா ஓன் பண்ணிப் பாப்பம் இன்னொருக்கா பாப்பம் எண்டு ஒரு கிழமை விளையாடிப்போட்டு வந்தா உள்ளுக்க தட்டே கீறுப்பட்டிருக்கும், பேந்து ஆராலயும் ஏலாது. இப்பத்தைய லாப்டொப்பில தட்டில்லாம சிப்பில சேமிக்கிற எஸ்எஸ்டி இன்னும் மோசம், நீங்கள் அழிச்ச ஃபைலை அது தன்ட பாட்டில துடைச்சுப் போடும், சாகேக்க சத்தமும் போடாது.

சந்தாக் கணக்கு, கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், ஆண்டு மலர், ஸ்கேன் பண்ணின பழைய போட்டோ எல்லாம் ஒரு மனுசன்ட லாப்டொப்பில. செயலாளர் மாறேக்க ஒரு பென் டிரைவ் கை மாறும், அவ்வளவுதான் எங்கட பேக்கப்.

கூகுள் டிரைவ்ல போட்டிருக்கு எண்டு சிலபேர் சொல்லுவினம். ஆரின்ட ஜிமெயில்? முந்தின செயலாளரின்ட. அவர் இப்ப கனடாவில, பாஸ்வேர்ட் அவருக்கே ஞாபகமில்லை. ரெண்டு வருசமா ஆரும் பாவிக்காத தனியார் கணக்கை அழிக்கிறதுக்கு கூகுளுக்கு உரிமை இருக்கு, 2023 டிசம்பர்ல இருந்து அழிக்கவும் தொடங்கிட்டாங்கள். இன்னொண்டு, டிரைவ்ல ஒரு ஃபைலை ஆரும் தெரியாம அழிச்சா குப்பைத்தொட்டியில 30 நாள்தான் கிடக்கும், பிறகு போயிடும். கணக்கு ஃபைலை வருசத்தில ஒருக்காத்தான் திறக்கிற ஆக்கள் நாங்கள், 30 நாளுக்குள்ள ஆர் கவனிக்கப் போறது?

சின்னச் சங்கம்தானே எண்டு நினைக்காதேங்கோ, பெரிய இடங்களும் உப்பிடித்தான். 2023 ஆகஸ்ட்ல எங்கட அரசாங்கத்தின்ட கிளவுட்ல (இணையச் சேமிப்பில) ரான்சம்வேர், அதாவது ஃபைலுகளைப் பூட்டிப்போட்டு காசு கேக்கிற வைரஸ், பூந்து, அமைச்சரவை அலுவலகம் உட்பட மே 17 இல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான ஈமெயில் போயிட்டுது, அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. 2025 செப்டெம்பர்ல தென்கொரியாவில, டேஜோன் நகரத்து அரச டேட்டா சென்டர்ல பேட்டரி நெருப்புப் பிடிச்சு அரச ஊழியர்மாரின்ட 858 டெராபைட் ஃபைல், அதாவது எட்டரை லட்சம் ஜிபிக்கு மேல, எரிஞ்சுபோச்சு, வெளியில ஒரு கொப்பியும் இல்லை. அவ்வளவு காசு இருக்கிற நாடு!

எங்களுக்குத் தேவை ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கும் சங்கத்தின்ட பேரில ஒரு கூகுள் கணக்கும்தான், 15 ஜிபி சும்மாவே தாறாங்கள், பாஸ்வேர்டை ரெண்டு பேர் வச்சிருக்கோணும். லாப்டொப்பில ஒண்டு, டிஸ்க்கில ஒண்டு, இணையத்தில ஒண்டு, மூண்டு கொப்பி. டிஸ்க்கை லாப்டொப்போட குத்தினபடியே விடாதேங்கோ, ரான்சம்வேர் வந்தா குத்தியிருக்கிற எல்லாத்தையும் சேத்துப் பூட்டிப்போடும், கொப்பி பண்ணின கையோட கழட்டி வேற வீட்டில குடுங்கோ. 2016 மே மாசம் களனி கங்கை பெருகேக்க கொலன்னாவைப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு ஏறினது எண்டு அங்க இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ, ஒரே அலுமாரியில எத்தினை கொப்பி வச்சும் பிரயோசனமில்லை.

தமிழ் ஃபைலுக்கு ஒரு தனிக் கரைச்சல் இருக்கு, ஆரும் கதைக்கிறதில்லை. பழைய மலர், கூட்டக் குறிப்பு எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது. ஃபைல் பத்திரமா இருக்கும், புது லாப்டொப்பில திறந்தா முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு குப்பை. பயப்பிடாதேங்கோ, எழுத்துரு இல்லை அவ்வளவுதான், ஆனா அதை இப்பவே எந்தக் கொம்பியூட்டரிலயும் தெரியிற யூனிகோடுக்கு மாத்தி, பிடிஎஃப் ஒண்டும் எடுத்து, பாமினி எழுத்துருவையும் அதே போல்டருக்குள்ள போட்டு வையுங்கோ. பேஜ்மேக்கர் எண்ட பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில செய்த மலர் எண்டா பிடிஎஃப் இல்லாட்டி கஷ்டம்தான், இப்ப அந்த மென்பொருளை ஆர் வச்சிருக்கினம்? அச்சிட்ட மலர் ஒண்டை நூலகம் நிறுவனத்துக்குக் குடுத்தா ஸ்கேன் பண்ணி இணையத்தில போடுவினம், அதுவும் வெளியில இருக்கிற ஒரு கொப்பிதானே.

பேக்கப் எடுத்தாச்சு எண்டு சொல்லுற ஆக்களிட்ட நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு: திறந்து பாத்தீங்களா? மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அந்த டிஸ்க்கை வேற ஒரு லாப்டொப்பில குத்தி, போன வருசக் கணக்கு ஃபைலை திறந்து, கடைசி வரி வரைக்கும் இருக்குதா எண்டு பாருங்கோ. ஃபைலை விட்டிட்டு, அதைத் திறக்கிற ஷோர்ட்கட் ஐகனை மட்டும் கொப்பி பண்ணிப்போட்டு நிம்மதியா இருந்த ஆக்களை எனக்குத் தெரியும்.

அடுத்த நிர்வாகக் கூட்ட நிகழ்ச்சி நிரலில இதை ஒரு விசயமாப் போடுங்கோ, தேத்தண்ணிக்கு முதல். டிஸ்க் ஆரின்ட வீட்டில, பாஸ்வேர்ட் ஆரிட்ட எண்டதை கூட்டக் குறிப்பில எழுதுங்கோ, பாஸ்வேர்டை எழுதிப் போடாதேங்கோ. டிஸ்க் வாங்கின பில்லுக்கு பொருளாளர் முகம் சுழிச்சா, டேட்டா ரிக்கவரிக்கு, அதாவது போன ஃபைலை மீட்டெடுக்க, என்ன விலை எண்டு கேக்க அவரை என்னட்ட ஒருக்கா அனுப்பி விடுங்கோ.

இப்படிக்கு,
பம்பலப்பிட்டியில இருந்து ஒரு கொம்பியூட்டர் திருத்துநர்